கட்டி வைத்த பை

எங்கள் கட்டிடத்தின் பெயர் பாரிஷ்.
பாரிஷ் என்றால் சமாதானம்.
ஐந்து மாடி, பத்து வீடு, லிஃப்ட் எப்போதும் பழுது.
கடலுக்கடியில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
தொலைக்காட்சியில் பேராசிரியர்கள் அடித்துக்கொள்வார்கள்.
இஸ்தான்புல் சேனல் மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்கும்.

செருப்பு அலமாரிக்கு மேலே
ஆணியில் தொங்குகிறது சிவப்புப் பை.
நோன்புப் பெருநாளுக்கு ஒரு தரம்,
பள்ளி திறக்கும் வாரம் ஒரு தரம்
கூடத்தில் கொட்டி எண்ணுவேன்:
தண்ணீர், டார்ச், கட்டுத்துணி, விசில்,
இல்காய்க்கு மாற்றுச் சட்டை,
வீட்டுப் பத்திரத்தின் நகல்.
வீடு விழுந்தபின் பத்திரம் எதற்கு என்பான் செர்வெத்.
டார்ச்சின் பேட்டரியை உருவி
டிவி ரிமோட்டில் போட்டவனும் அவனே.
கேட்டால், இறுதி ஆட்டமும் அவசரநிலைதானே என்பான்.

"நுர்ஹயாத், உன் பையில் எனக்கும் இடமுண்டா?"
படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்
இரண்டாம் மாடி ஹிக்மெத்.
மூன்றாம் மாடி முக்கத்தெர் சிரிக்கமாட்டாள்.
தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில்
ஒரு கான்கிரீட் குவியலைப் பார்த்து மூன்று நாள்
அக்காவின் பெயரைக் கூப்பிட்டவள்.
சிரிக்கமாட்டாள்,
பையும் கட்டமாட்டாள்.

நவம்பரில் ஓர் இரவு சண்டை.
தேநீர்க் கெண்டியின் மூடியில் தொடங்கி
அவன் அண்ணன் வாங்கிய கடனில் போய் நின்றது.
மணி இரண்டேகால்.
போகிறேன் என்றேன்.
போவதென்றால் பெட்டி கட்டவேண்டும்.
பெட்டி கட்டும் பொறுமை இருந்தால்
சண்டையே வந்திராது.
கட்டி வைத்தது என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

தடதடவென்று இறங்கினேன்.
மூன்றாம் மாடிக் கதவிடுக்கில் ஒரு கண்.
என்னைப் பார்க்கவில்லை,
பையைப் பார்த்தது.

பிறகு ஓர் அலறல். கதவுகள். குழந்தை அழுகை.
கேஸை மூடு, கேஸை மூடு என்று யாரோ.

பூங்காவில் ஒரு பச்சைப் பலகை உண்டு.
ஆபத்தில் கூடுமிடம் என்று எழுதியிருக்கும்.
இதுநாள்வரை பூனைகள்தான் கூடியிருக்கின்றன.
அதன் கீழே தனியாக அழலாம் என்று போனவள்
திரும்பிப் பார்த்தால்
பாரிஷ் கட்டிடம் மொத்தமும்
பைஜாமாவில் வந்து நிற்கிறது.
ஹிக்மெத்தின் கையில் டிவி ரிமோட்.
ஏன் எடுத்தாரென்று அவருக்கே தெரியாது.
நான்காம் மாடிப் புதுப்பெண்
ஒற்றைச் செருப்போடு
ஊறுகாய் ஜாடியை அணைத்திருக்கிறாள்.
முக்கத்தெர் மட்டும் கோட்டும் காலணியுமாக,
பொத்தான்கள் கழுத்துவரை பூட்டி.
இத்தனை வருஷமாக அப்படியேதான் தூங்குகிறாள் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் வந்தான் செர்வெத்,
தூங்கும் இல்காயைத் தோளில் போட்டுக்கொண்டு.
நிலம் அசையவே இல்லை என்று
எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.
"பலமாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?"
ஹிக்மெத் கேட்டார்.
"எங்கள் வீட்டில் நன்றாகவே தெரிந்தது"
என்றான்.

பையைத் திறந்தேன், வேறென்ன செய்ய.
பிஸ்கட்டுக்குக் கெடு முடிந்து இரண்டு மாதம்.
இருட்டில் யாரும் தேதி படிக்கவில்லை.
இல்காயின் சட்டை
புதுப்பெண்ணின் வெறுங்காலைச் சுற்றிக்கொண்டது.
வீட்டுப் பத்திரத்தை ஈர பெஞ்சில் விரித்து
அதன்மேல் உட்கார்ந்தாள் முக்கத்தெர்.
டார்ச் எரியவில்லை.
செர்வெத் தன் செருப்பையே பார்த்தான்.
பிறகு ஹிக்மெத்திடம் கை நீட்டி
ரிமோட்டை வாங்கினான்.
முதுகுமூடியைக் கழற்றினான்.

மஞ்சளாய் ஒரு வட்டம்.
அதற்குள் பத்து வீட்டுக் கால்களும்.

அடுத்த அதிர்வு வருமென்று காத்திருந்தோம்,
வராதென்று தெரிந்த நாங்களும்.
முக்கத்தெர் பிஸ்கட்டை ஊறுகாயில் தொட்டுத் தின்றாள்.
நாலரைக்கு அவளே எழுந்து,
போதும், மேலே போகலாம் என்றாள்.

பையை ஆணியில் மாட்டினேன்.
கவனித்தேன், என் துணி ஒன்றுகூட அதில் இல்லை.
"காலையில் பேட்டரி வாங்கி வருகிறேன்" என்றான்
செர்வெத், இருட்டில்.

நான்காக வாங்கு என்றேன்.
ஹிக்மெத்துக்கும் சேர்த்து.